இறங்கும்போது கிழிந்த தசை: தோப்புக்கரணத்துக்குப் பின் கறுத்த சிறுநீர், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், தென்மாவட்டம் ஒன்றின் வட்டத் தலைமை மருத்துவமனை. அக்டோபர் கடைசி வாரம், மழை பிடித்துக்கொண்ட நேரம், காய்ச்சல் வார்டில் கட்டில் காலி இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவுடனும் அப்பத்தாவுடனும் வந்தான். வயது 14, எடை 46 கிலோ. புறநோயாளி சீட்டில் எழுதியிருந்தது: "கால் வலி, மஞ்சள் காமாலை." காமாலை என்பது வீட்டார் சொன்னது. சீட்டு எழுதியவர் அதை அப்படியே பதிந்திருந்தார்.

விசாரித்ததில் கிடைத்த கதை இது. திங்கட்கிழமை காலை பள்ளிக்குத் தாமதமாக வந்த மூன்று மாணவர்களை 250 தோப்புக்கரணம் போடச் சொல்லியிருக்கிறார்கள். இவன் பாதிக்கு மேல் நிறுத்தாமல் போட்டிருக்கிறான். மீதியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று முடித்திருக்கிறான். அன்று வகுப்பில் உட்கார்ந்தான், மதியம் சாப்பிட்டான், சாயங்காலம் தொடை கனப்பதாக மட்டும் சொன்னான். செவ்வாய்க்கிழமை காலை மாடிப்படி இறங்க முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தை ஊசியாகப் போட்டு, அதே மருந்தை மாத்திரையாகவும் மூன்று நாளைக்குக் கொடுத்தார்கள். புதன்கிழமை சிறுநீர் கறுத்தது. அப்பத்தா அதைக் காமாலை என்று எடுத்துக்கொண்டு கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். இரவில் சிறுநீர் இன்னும் கறுக்கவே மறுநாள் அழைத்து வந்துவிட்டார்கள்.

முன்பு இப்படி வந்ததில்லை. குடும்பத்தில் யாருக்கும் தசை நோய் இல்லை. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. ஓட்டம், விளையாட்டு, சைக்கிள் எதிலும் பழக்கம் இல்லாத பையன். பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வருபவன்.

வந்தபோது கண்டது

கட்டிலில் ஏறும்போதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. விளிம்பில் உட்கார்ந்தவன், வலது முழங்காலுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துக் காலைத் தூக்கி மேலே வைத்தான். அப்புறம் இடது காலையும் அப்படியே தூக்கி வைத்தான். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னால் தாராளமாக அசைத்தான். முழங்காலை நீட்டச் சொன்னால் முகம் சுளித்தது, கால் அரைகுறையாகத்தான் எழுந்தது.

இரண்டு தொடைகளின் முன்பக்கமும் வீங்கி, தொட்டால் உறுதியாக இருந்தன. கல்லாக இறுகவில்லை. முழங்காலை நாங்கள் மடக்கினால் வலி கூடியது. கெண்டைக்காலில் வலி இல்லை, அது வழக்கத்துக்கு மீறிப் பருத்தும் இல்லை. பாதத்தில் நாடி நன்றாகக் கிடைத்தது, உணர்ச்சி சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் 110/70, நாடித்துடிப்பு 104, நாக்கு வறண்டிருந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இல்லை.

"ஒண்ணுக்கு கருப்பட்டிக் காப்பி மாதிரி போகுது டாக்டரம்மா" என்றார் அப்பத்தா. தண்ணீர் பாட்டில் ஒன்றில் சிறுநீரைப் பிடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். சொன்ன நிறம்தான். சோதனைப் பட்டையைத் தோய்த்து எடுத்ததும், ரத்தத்தைக் காட்டும் கட்டம் ஒரு நிமிடத்துக்குள் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்குப் போனது. மூன்று பிளஸ். அதே சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிந்ததை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் ஒரு பார்வைப் புலத்தில் ஒன்றிரண்டுதான். சிறுநீரில் ரத்தம் உண்டு என்கிறது பட்டை, அணுக்கள் இல்லை என்கிறது நுண்ணோக்கி. இந்த முரண்பாடே ஒரு விடை. பட்டை கண்டுபிடிப்பது ரத்த அணுவை அல்ல, ஹீம் என்ற இரும்புச் சேர்மத்தை. ஹீமோகுளோபினில் இருப்பதுபோல் தசையிலுள்ள மயோகுளோபினிலும் ஹீம் இருக்கிறது.

காமாலையா, எலிக்காய்ச்சலா, தசையா

முதலில் வந்த ரத்த முடிவுகள் அப்பத்தாவின் கட்சியில் இருப்பதுபோல் தோன்றின: கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகளான எஸ்ஜிஓடி 1,480, எஸ்ஜிபிடி 310. வார்டில் பயிற்சி மருத்துவர் உடனே ஹெபடைடிஸ் பரிசோதனைகளை எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த இரண்டையும் "கல்லீரல் பரிசோதனை" என்ற தலைப்பின் கீழ்தான் எல்லா ஆய்வகங்களும் அச்சடிக்கின்றன. ஆனால் எஸ்ஜிஓடி தசையிலும் ஏராளமாக இருக்கிறது. காமாலையில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் 0.8, அதாவது இயல்பு. தசையில் ஏறக்குறைய இல்லாத ஜிஜிடி என்ற நொதியும் இயல்பு. கல்லீரலைக் குற்றம் சாட்ட இதற்கு மேல் எதுவும் மிச்சமில்லை.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எலிக்காய்ச்சலை மறக்க முடியாது. அதிலும் தசைவலியும் சிறுநீரகப் பாதிப்பும் வரும், தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் சிபிகே என்ற நொதி ஓரளவு ஏறும். ஆனால் அந்த வலி பெரும்பாலும் கெண்டைக்காலில் தொடங்கும், காய்ச்சலோடு வரும். இவனுக்கு இரண்டும் இல்லை. கடலோரத்துப் பையன் என்றால் கடல்பாம்புக் கடியையும் கேட்டிருப்போம், அதன் நஞ்சு தசையைச் சிதைக்கும். இவன் ஊரில் கண்மாய்தான் உண்டு.

அதே ரத்த மாதிரியில் சிபிகே பார்க்கச் சொன்னோம். முதல் சீட்டில் "2,000க்கு மேல்" என்று எழுதி அனுப்பினார்கள், கருவியின் மேல் எல்லை அது. நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கச் சொன்னபோது வந்த எண் லிட்டருக்கு 71,200 யூனிட். இயல்பு 200 அளவில் இருக்க வேண்டியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4, இந்த வயதுக்கு இரு மடங்குக்குக் கிட்டத்தட்ட. பொட்டாசியம் 5.2, பாஸ்பேட் 6.1, கால்சியம் 7.8. ஈசிஜி இயல்பு. கடும் உழைப்பால் வரும் தசைச் சிதைவு, மருத்துவப் பெயரில் ராப்டோமயோலைசிஸ், என்று முடிவு செய்தோம்.

தசை இழைக்குள் என்ன நடந்திருக்கும்

உட்கார்ந்து எழுவது உலகத்தில் எல்லாரும் செய்வது. அது எப்படிச் சிறுநீரகம் வரை போகிறது என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. முதலாமாண்டில் தேர்வுக்குப் படித்துவிட்டு நாம் மூடி வைக்கும் பாடத்தில்தான் பதில் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

தொடையின் முன்பக்கத்தில் இருக்கும் குவாட்ரிசெப்ஸ் நான்கு தசைகளின் தொகுதி. முழங்காலை நீட்டுவது அதன் வேலை. வெளியிலிருந்து உள்ளே போனால், முழுத்தசையைச் சுற்றி ஓர் உறை, அதற்குள் கற்றைகள், கற்றைகளுக்குள் தசை இழைகள். ஓர் இழை என்பது ஒரே செல். மெல்லியது, சென்டிமீட்டர் கணக்கில் நீளமானது, பல உட்கருக்கள் உள்ளது. அந்தச் செல்லுக்குள் நீளவாக்கில் நுண்ணிழைகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்ற துண்டுகள் வரிசையாகக் கோத்தது. இளைப்பாறும் நிலையில் ஒரு சார்கோமியரின் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். 8 சென்டிமீட்டர் இழையில் ஒன்றன்பின் ஒன்றாக 32,000 சார்கோமியர்கள் வரும். இந்த வரிசையில் எல்லாமே சம பலமுள்ளவை அல்ல. இந்த ஒரு விஷயம் பின்னால் முக்கியமாகும்.

சார்கோமியரின் இரு எல்லைகளும் இசட் கோடுகள். அவற்றிலிருந்து உள்நோக்கி ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் நீள்கின்றன. நடுவில் மயோசினாலான தடித்த இழைகள். அவற்றை மையத்தில் பிணைத்திருப்பது எம் கோடு. டைட்டின் என்ற புரதம் இசட் கோட்டிலிருந்து எம் கோடு வரை நீண்டு, இழுத்த சார்கோமியரைத் திரும்பச் சுருட்டும் வேலையைச் செய்கிறது. மனித உடலில் உள்ள புரதங்களிலேயே மிகப் பெரியது அது.

தசை சுருங்கும்போது இந்த இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. 1954 மே மாதத்தில் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே எழுதின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும், மற்றொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்ல, மாணவர்கள் வருடாவருடம் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன்.

சறுக்கலைத் தொடங்கிவைப்பது நரம்பு. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வந்து இழையின் சவ்வில் மின்துடிப்பை எழுப்புகிறது. துடிப்பு, டி-குழல்கள் என்ற உள்மடிப்புகள் வழியே இழையின் ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் சார்க்கோபிளாச வலைப்பின்னல் என்ற கால்சியக் கிடங்கு கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் ஆக்டின் மேலிருக்கும் ட்ரோப்போனின் என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது, அங்கே மூடிக் கிடக்கும் ட்ரோப்போமயோசின் விலகுகிறது, ஆக்டினில் மயோசின் பிடிக்க வேண்டிய இடம் வெளிப்படுகிறது. மயோசின் தலை அதைப் பிடித்து, மடிந்து, இழுக்கிறது. பிடியை விடுவதற்கு, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு புதிதாக ஒன்று அதற்கு வேண்டும். இழுப்பதற்குத்தான் சக்தி தேவை என்று நினைக்கிறோம், விடுவதற்கும் ஏடிபி இல்லாமல் முடியாது. இறந்தவர் உடல் விறைப்பது இதனால்தான். வேலை முடிந்ததும் கால்சியத்தை வலைப்பின்னலுக்குள் திருப்பி அனுப்பும் பம்பும் ஏடிபியில்தான் ஓடுகிறது. இளைப்பாறும் தசை இழைக்குள் இருக்கும் தனிக் கால்சியம், வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றத் தசை ஓயாமல் செலவு செய்துகொண்டிருக்கிறது.

இப்போது தோப்புக்கரணத்துக்கு வருவோம். எழுந்திருக்கும்போது குவாட்ரிசெப்ஸ் சுருங்கிக்கொண்டே இழுக்கிறது. உட்காரும்போது அதே தசை நீண்டுகொண்டே இழுக்கிறது. அது பிடித்துக்கொள்ளாவிட்டால் நாம் தொப்பென்று விழுவோம். கிணற்றில் கனமான வாளியைக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து இறக்கிப் பார்த்தவருக்குத் தெரியும், உள்ளங்கை எரிவது இறைக்கும்போது அல்ல, இறக்கும்போது. மயோசின் தலைகள் ஆக்டினைப் பிடித்திருக்கும் நிலையிலேயே உடலின் எடை அவற்றைப் பிய்த்து இழுக்கிறது. இப்படி நீளும்போது தசை தாங்கும் விசை, சுருங்கும்போது தருவதைவிட அதிகம். வேலைக்கு அழைக்கப்படும் இழைகளோ குறைவு. ஆகவே ஒவ்வோர் இழைக்கும் சுமை கூடுதல்.

இதில் ஏமாற்றுவது ஒன்று உண்டு. தலைகள் பிய்ந்து விடுபடுவதால் ஏடிபி செலவு குறைவு. மூச்சு அவ்வளவாக வாங்காது. உடம்பு போதும் என்று சொல்வதற்கு முன்பே எண்ணிக்கை நூறைத் தாண்டிவிடும்.

அடியில் உட்காரும்போது முழங்கால் முழுக்க மடங்குவதால் குவாட்ரிசெப்ஸ் தன் நீளத்தின் எல்லைப் பக்கம் போகிறது. தவளைத் தசையில் கண்ட அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் புரியும். தடித்த இழை 1.6 மைக்ரோமீட்டர், இருபக்க மெல்லிய இழைகள் ஒவ்வொன்றும் 1. சார்கோமியர் 3.6ஐத் தாண்டினால் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதியே இல்லை, பிடிக்க இடமில்லை. மனிதத் தசையில் மெல்லிய இழை சற்று நீளம், கணக்கின் போக்கு அதேதான். 32,000 துண்டுகளில் பலம் குறைந்தவை முதலில் நீள்கின்றன. நீள நீளப் பிடி குறைகிறது, பிடி குறையக் குறைய இன்னும் நீள்கின்றன. சில துண்டுகள் மீள முடியாத அளவுக்குப் போய், இசட் கோடு கோணலாகி, அருகிலுள்ள சவ்வு கிழிகிறது. இந்தச் சேதம் எப்படித் தொடங்குகிறது என்பதற்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. டி-குழலுக்கும் வலைப்பின்னலுக்கும் உள்ள இணைப்பும் கெடுவதால் நரம்பு கூப்பிட்டாலும் போதுமான கால்சியம் திறப்பதில்லை. நரம்பில் கோளாறே இல்லாத பையனால் காலைத் தூக்க முடியாமல் போனது இப்படித்தான்.

கிழிந்த சவ்வு வழியே வெளியிலிருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அது வேண்டாத நேரத்தில் சுருக்கத்தை ஏவுகிறது, புரதங்களை அறுக்கும் கால்பைன் போன்ற நொதிகளை எழுப்புகிறது, ஏடிபியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. ஏடிபி தீர்கிறது, கால்சியப் பம்ப் நிற்கிறது, கால்சியம் மேலும் ஏறுகிறது. இந்தச் சுழற்சி முற்ற மணிக்கணக்காகும், அழற்சி சேர இன்னும் நேரமாகும். திங்கள் காலை நடந்த காரியத்துக்கு வலி செவ்வாயும், கறுத்த சிறுநீர் புதனும் வந்தது இதனால்தான். "லாக்டிக் ஆசிட் கட்டிக்கிச்சு" என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் வெளியேறிவிடும், மறுநாள் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கிழிந்த இழையிலிருந்து கசிவதெல்லாம் சுருக்கத்துக்கு வேண்டிய தளவாடங்களே. நாம் அளக்கும் சிபிகே என்பது கிரியாட்டின் பாஸ்பேட்டிலிருந்து ஏடிபியை மறுநிரப்பு செய்யும் நொதி, அதில் ஒரு பகுதி எம் கோட்டிலேயே ஒட்டியிருக்கும். அதனால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை, அது அடையாளம் மட்டும். கெடுதல் செய்வது ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின். சிறிய புரதம் என்பதால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டுகிறது. உடலில் நீர் குறைந்து, சிறுநீர் அமிலமாக இருந்தால் நுண்குழல்களில் உறைந்து அடைக்கிறது. லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழந்ததை பைவாட்டர்ஸும் பீலும் 1941இல் பதிந்தார்கள். நசுங்கிய தசையில் நடந்ததுதான் இங்கே கிழிந்த தசையிலும் நடந்தது.

அன்று எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலை நீர். நார்மல் சலைன் என்ற உப்புநீரை 900 மில்லி வேகமாக ஏற்றி, பிறகு மணிக்கு 160 மில்லி அளவில் சிறுநீர் வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்தோம். கிலோவுக்கு மணிக்கு மூன்றரை மில்லி என்ற கணக்கு. பையனால் தானே சிறுநீர் கழிக்க முடிந்ததால் குழாய் போடவில்லை. அளவுக் குடுவையை அப்பத்தாவிடம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் சொல்லச் சொன்னோம். வார்டில் அந்த அட்டவணையைப்போல ஒழுங்கான வேறொன்று அந்த வாரம் இல்லை.

டைக்ளோஃபினாக் நிறுத்தப்பட்டது. அந்த வகை வலிமருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நீர் வற்றிய, மயோகுளோபின் ஓடும் சிறுநீரகத்துக்கு அது இரட்டை அடி. வலிக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. கிளினிக்கில் பார்த்தபோது சிறுநீர் இன்னும் நிறம் மாறியிருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

சோடியம் பைகார்பனேட் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. சிறுநீரைக் காரமாக்கினால் மயோகுளோபின் உறைவது குறையும் என்பது அதற்கான நியாயம். சலைனை மட்டும் கொடுப்பதைவிட அது மேல் என்று உறுதியாகக் காட்டப்படவில்லை, ரத்தத்தில் தனிக் கால்சியத்தை இன்னும் குறைக்கவும் கூடும். கொடுக்கவில்லை.

கால்சியம் 7.8 என்று பார்த்தவுடன் ஊசியை எடுக்கக் கை போகும். அதையும் தவிர்த்தோம். அந்தக் கால்சியம் உடலை விட்டு எங்கும் போய்விடவில்லை, கிழிந்த இழைகளுக்குள் புகுந்திருக்கிறது. இழைகள் ஆறும்போது அது ரத்தத்துக்குத் திரும்பும். இப்போது நாமும் ஏற்றினால், தசைக்குள் மேலும் படியும், பிறகு ரத்தத்தில் எல்லை மீறும். கை இழுப்போ ஈசிஜி மாற்றமோ வந்தால், அல்லது பொட்டாசியம் ஏறி இதயத்தைக் காக்க வேண்டி வந்தால் மட்டும் கொடுப்பது என்று நோயாளர் தாளில் எழுதி வைத்தோம்.

எங்களிடம் டயாலிசிஸ் இல்லை. உடனே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று யோசித்தோம். சிறுநீர் வந்துகொண்டிருந்தது, பொட்டாசியம் 5.2இல் நின்றது, ஆம்புலன்ஸில் ஒன்றரை மணி நேரம் நீரேற்றுவது ஒழுங்காக நடக்காது. இங்கேயே வைத்துக்கொண்டு, பொட்டாசியம் 6ஐத் தாண்டினாலோ, தொடர்ந்து மூன்று மணி நேரம் சிறுநீர் மணிக்கு 50 மில்லிக்குக் கீழே போனாலோ, கிரியாட்டினின் 2.5ஐத் தொட்டாலோ அனுப்புவது என்று முன்கூட்டியே எல்லை வகுத்தோம். அங்கேயும் தொலைபேசியில் சொல்லி வைத்தோம். எலும்பு மருத்துவர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடையை அழுத்திப் பார்த்தார். உறைக்குள் அழுத்தம் ஏறினால் அறுவை தேவைப்படும், அப்போது வலி திடீரெனக் கூடும், முழங்காலை லேசாக மடக்கினாலே அலறுவார்கள். பாதத்து நாடி இருக்கிறதே என்று அதில் நிம்மதி அடையக் கூடாது. நாடி போவது கடைசியில்.

ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதியும்போதுதான் சங்கடம். "ஏ.ஆர். எல்லாம் வேண்டாம் டாக்டர், பிள்ளை அங்கதான் பத்தாவது படிச்சாகணும்" என்றார் அம்மா. அவர் பயம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் பதிந்தோம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தெரிவித்தோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது, இது எங்கள் விருப்பத்தில் விட்ட விஷயமல்ல. பதிவில் நடந்ததையும் கண்டதையும் மட்டும் எழுதினோம், யாரையும் குற்றவாளி என்று எழுதவில்லை. அதை அம்மாவுக்குப் படித்தும் காட்டினோம்.

மற்ற இரண்டு மாணவர்கள்

மூன்று பேர் ஒரே தண்டனையைச் செய்திருக்கும்போது ஒருவனை மட்டும் பார்ப்பது முறையாகாது. வெள்ளிக்கிழமை மற்ற இருவரையும் பெற்றோருடன் வரவழைத்தோம். ஒருவன் கபடிக் குழுவில் தினமும் ஆடுபவன். லேசான வலி, சிபிகே 1,150, சிறுநீர் தெளிவு. இன்னொருவன் யாரிடமும் எதையும் சொல்லாமல் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். சிபிகே 14,300, சிறுநீர்ப் பட்டையில் ஒரு பிளஸ், கிரியாட்டினின் இயல்பு. ஒருநாள் சேர்த்து நீர் ஏற்றி அனுப்பினோம்.

ஒரே எண்ணிக்கை, மூன்று விதமான விளைவு. கபடி ஆடுபவனின் தொடை, பாய்ந்து நின்று குனிந்து பழகியது. நீண்டுகொண்டே இழுக்கும் வேலையைத் தசை சிறிதளவு முன்பே செய்திருந்தாலும் அடுத்த சில வாரங்களுக்குச் சேதம் வெகுவாகக் குறைகிறது. பழக்கமில்லாத உடம்புக்கு அந்தக் காப்பு இல்லை. தண்டனை எண்ணிக்கை எல்லாருக்கும் சமம் என்பதே இதில் ஆபத்து.

தொடர்ந்து நடந்தது

வெள்ளிக்கிழமை சிபிகே 64,800. உச்சம் அநேகமாக நாங்கள் பார்ப்பதற்கு முன்பே கடந்திருக்கும். கிரியாட்டினின் அன்று 1.6க்கு ஏறியது, அதுதான் அதிகபட்சம். பொட்டாசியம் 5.4ஐத் தொட்டு இறங்கியது. சனிக்கிழமை மாலை சிறுநீர் தேநீர் நிறத்துக்கும், ஞாயிறு காலை வெளிர் மஞ்சளுக்கும் வந்தது. அதன் பிறகு சிபிகே நாளுக்கு நாள் ஏறக்குறையப் பாதியானது: 38,000, 21,000, 11,500, 6,300. கிரியாட்டினின் 0.7க்கு வந்த பிறகு நீரேற்றுவதைக் குறைத்து நிறுத்தினோம். அடுத்த புதன்கிழமை சிபிகே 3,600 என்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பினோம். அன்று கால்சியம் 10.4. எதுவும் ஏற்றாமலேயே அது தானாகத் திரும்பியிருந்தது.

ஆறாவது வாரம் வந்தபோது சிபிகே 168. இந்தப் பரிசோதனையைத் தவற விடக் கூடாது. டிஸ்ட்ரோஃபின் புரதம் குறையுள்ள பெக்கர் வகைத் தசைநலிவு, ஆண்பிள்ளைகளில் சில சமயம் முதன்முதலில் இப்படித்தான் தலைகாட்டும். அவர்களுக்கு ஓய்வில் இருக்கும்போதும் சிபிகே உயர்ந்தே நிற்கும். இவனுக்கு இயல்புக்கு வந்துவிட்டதால் அந்தச் சந்தேகம் நீங்கியது. சாதாரண விளையாட்டிலேயே மறுபடி சிறுநீர் கறுத்தால், தசையின் சர்க்கரை, கொழுப்பு எரிப்பில் பிறவிக் குறை உண்டா என்று தேட வேண்டும் என்று வெளியேற்றச் சீட்டில் எழுதியிருக்கிறோம்.

தொடை மெலிந்திருந்தது, ஆனால் அது வளர்ந்துவிடும். தசை இழையின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணைச் செல்கள் விழித்து, பெருகி, கிழிந்த இழையோடு சேர்ந்து புதுச் சார்கோமியர்களைக் கட்டுகின்றன. பிசியோதெரபிஸ்ட் போட்ட திட்டம் எங்களுக்குப் பிடித்திருந்தது. முதலில் சமதரை நடை, பிறகு சைக்கிள், அப்புறம் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது பத்து முறை, கடைசியில்தான் படி இறங்குவது. இறங்கும் வேலையை அவர் முழுக்க விலக்கவில்லை, சின்ன அளவில் திரும்பத் திரும்பக் கொடுத்தார். எட்டாவது வாரத்தில் பையன் விளையாட்டு வகுப்புக்குத் திரும்பினான். பள்ளி, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் விசாரணைக்குப் பிறகு எண்ணிக்கை வைத்துத் தண்டனை கொடுப்பதை நிறுத்திவிட்டதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னது என்று அம்மா தெரிவித்தார்.

மாற்றுவது

இந்த நிகழ்வில் எங்களுக்கு உறுத்துவது சிகிச்சை அல்ல, இழந்த இரண்டு நாள். சிறுநீர் கறுப்பதைக் கவனித்து அதை நோய் என்று முதலில் எடுத்துக்கொண்டவர் அப்பத்தா. அவர் வைத்த பெயர் தவறு, பார்த்தது சரி. மருத்துவப் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள் எல்லாரும். பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் தொடைவலி என்று வருபவரிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்: படி ஏறும்போது வலியா, இறங்கும்போதா? சிறுநீர் என்ன நிறம்? பதில் எப்படி இருந்தாலும் பட்டைச் சோதனை ஒன்று. அதன் செலவு ஒரு தேநீரை விடக் குறைவு. அது முடியும் வரை டைக்ளோஃபினாக் ஊசி இல்லை. சுற்றுவட்டாரக் கிளினிக் மருத்துவர்களின் மாதக் கூட்டத்தில் இந்த நோயாளியின் கதையைப் பெயர், ஊர் இல்லாமல் சொன்னோம். காவலர் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களில் இதே மாதிரி ஒன்றிரண்டு பேரைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள், காமாலை என்று அனுப்பியதாகவும்.

எஸ்ஜிஓடி உயர்ந்து பிலிருபின் இயல்பாக இருந்தால், கேட்காமலேயே அதே மாதிரியில் சிபிகே பார்ப்பது என்று ஆய்வகத்தோடு பேசி வைத்திருக்கிறோம். "2,000க்கு மேல்" என்று எழுதி நிறுத்துவதும் கிடையாது. நீர்க்கச் செய்து, முழு எண்ணைத் தந்து, ஐயாயிரத்தைத் தாண்டினால் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள்.